எலி எளைச்சுட்டாம்லா!

வாலே பேராண்டி, உக்காரு. திண்ணையில வேண்டாம், அது எங்கப்பா காலத்துல கட்டினது, உன் பாரத்த மனசுல வச்சுக் கட்டல. நாற்காலியும் வேண்டாம், போன பொங்கலுக்கு ஒண்ண ஒடிச்சுட்டுப் போனே. தரையில உக்காரு. என்னது, குளிக்கக் குழாயில தண்ணி வரலயா? வரும், வரும். அதப் பொறவு பாப்போம்.

மெட்ராஸ்லேர்ந்து பய வாரான், எனக்குக் கொஞ்சம் காராச்சேவு வாங்கிட்டு வருவான்னு பாத்தா, பைக்குள்ள ஆறு டப்பாத் தயிரு. அதுவும் பச்சையா. உங்க ஆச்சி பூசணம் பூத்துட்டுன்னு சாணிக்குழியில கொட்டப் போனா. நாந்தான் கையப் பிடிச்சு நிறுத்தி, "ஏட்டி, அது க்ரீன் டீ போட்ட புரோபயாடிக் தயிராம், தின்னா ஒடம்பு எளைக்குமாம்"னு சொன்னேன். "யாருக்கு எளைச்சுது?"ன்னு கேட்டா. படிக்காதவ, ஆனா கேள்வி எப்பவும் சரியாத்தான் விழும்.

உன் தங்கச்சி நுண்ணுயிரியல் படிக்காள்லா, அவகிட்ட விசாரிச்சேன். எலிக்கு எளைச்சுதாம். சாதாரண எலி இல்ல, கறுத்த எலி. சி57பிஎல்/6னு பேரு, ரேஷன் கார்டு நம்பர் மாதிரி. 1921-ல அமெரிக்காவுல கிளாரன்ஸ் லிட்டில்னு ஒருத்தர் வளத்தெடுத்த வம்சமாம். கொழுப்புத் தீனி போட்டா சட்டுனு பெருத்துரும்கதுனால, பெருத்த ஒடம்பப் பத்தி ஆராயணும்னா மொத அழைப்பு இதுக்குத்தான். நம்ம வம்சத்த அவங்க இன்னும் பாக்கல போலிருக்கு.

அந்த எலிய என்ன செய்வாவன்னா, நூறு கலோரி தீனியில அறுபது கலோரி கொழுப்புலேர்ந்தே வாரமாதிரி உருண்டை பிடிச்சுப் போடுவாவ. ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்க எலிக்குப் பத்துதான். ரெண்டு மூணு மாசத்துல இருபத்தஞ்சு கிராம் எலி நாப்பது கிராமத் தாண்டிரும். பொறவு சிலதுக்கு அந்தத் தீனியோடயே க்ரீன் டீயோ, தயிருக் கிருமியோ, ரெண்டுமோ குடுத்துப் பாப்பாவ. குடுத்தது கொஞ்சங் கொறச்சலாப் பெருக்கும், ஈரல்ல கொழுப்பும் கொறயும். பொய் இல்ல, பல தடவ பாத்திருக்காவ.

அந்தச் சீக்குக்கு அவங்க வச்சிருக்க பேரு என்ன தெரியுமா? தீனியால வந்த பெருப்பு. பேருலயே குத்தவாளிய எழுதி ஒட்டிட்டாம்லே! "தீனிய நிறுத்தினா என்னாவும்?"னு கேட்டேன். "சாதாத் தீனிக்கு மாத்தினா தானா எளைக்கும் தாத்தா, அதுக்குத் தயிரு வேண்டாம்"னா. எனக்கு இருமலும் சிரிப்பும் சேந்து வந்துட்டு. வைக்கப்போருக்குத் தீ வச்சவன் கையில தீப்பெட்டி இன்னும் இருக்கு, அதப் பிடுங்காம எந்த ஊருத் தண்ணி ஒசத்தின்னு சண்ட போடுதாவ.

எலிக்கு இன்னொரு கொடுப்பின உண்டு. ராத்திரி பதினோரு மணிக்குப் போனத் தடவி பிரியாணி வரவழைக்க அதுக்குத் தெரியாது.

சரி, மொகத்தத் தொங்கப் போடாத. நீ ஒருத்தன் மட்டும் இல்ல. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புல நம்ம தமிழ்நாட்டு ஆம்பளையள்ல நூத்துக்கு 37 பேரும், பொம்பளையள்ல நூத்துக்கு 40 பேரும் எடை கூடினவங்க. அதான் டப்பாக்காரனுக்கு நம்மமேல இவ்வளவு பாசம்.

டப்பாக்காரன் சொல்லுத காரணமும் முழுக்கக் கோட்டித்தனம் இல்லலே. தேயிலையில கேட்டச்சின்னு ஒரு துவர்ப்புச் சத்து. மாஞ்சோலை மலையில வெளைஞ்ச அதே தேயிலைச் செடிதான். பறிச்ச கையோட சூடு காட்டி, செவந்துறாமப் பாத்துக்கிட்டா அது க்ரீன் டீ. அந்தத் துவர்ப்புல முக்காவாசி ரத்தத்துல ஏறாமப் பெருங்குடலுக்குப் போயிருது. அங்ஙன கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. 2006-ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல, பெருத்த எலியோட குடல் கிருமிய எடுத்து, கிருமியே இல்லாம வளத்த எலிக்குள்ள விட்டிருக்காவ. அதுவும் கூடுதலாக் கொழுப்பு சேத்துக்கிட்டாம். நீ புரோட்டாக் கடைக்கார மகன்கூடச் சுத்தும்போதே நான் சொன்னேன், சகவாசம் சரியில்லன்னு. ஆகக்கூடி, குடலுக்குள்ள நல்ல கிருமியும் அனுப்பி, அது கடிச்சுக்கிடத் துவர்ப்பும் அனுப்பினா நல்லதுதானன்னு ரெண்டையும் ஒரு டப்பாவுல அடைச்சுட்டான். யோசன நல்ல யோசன.

மனுசங்கிட்ட வரும்போதுதான் கத மெலியுது. ஆளு மெலியல, கத மெலியுது.

ஜப்பான்ல 87 பேருக்கு, காஸெரின்னு ஒரு கிருமி போட்டு ஒறைய வச்ச பால, தெனம் 200 கிராம், 12 வாரம் குடுத்துப் பாத்து 2010-ல எழுதியிருக்காவ. வயித்துக்குள்ள இருக்க கொழுப்போட பரப்பு நூத்துக்கு நாலரை சொச்சம் கொறைஞ்சுது, எடை நூத்துக்கு ஒண்ணரை கிட்ட. நீ தொண்ணூறு கிலோன்னா ஒண்ணேகால் கிலோ போவும். நல்ல சேதிதான். ஒண்ணேகால் கிலோ அல்வா நீ சித்திரை விசுவுக்கு வந்த அன்னைக்கே தின்ன. பொறவு இன்னொரு தடவ கூட ஆள வச்சுப் பாத்தா, குடிக்கத நிறுத்தினதும் பலனும் மங்கிட்டாம். உன் டப்பாவுல அந்தக் காஸெரி இருக்கானான்னு கண்ணாடி மாட்டிப் பாத்தேன். இல்ல, வேற ஆளு. கச்சேரிக்கு வித்வான் பேரப் போட்டு நோட்டீஸ் அடிச்சுட்டு, மேடையில அவரு பக்கத்து வீட்டுக்காரர ஏத்தி விட்ட மாதிரி.

க்ரீன் டீ கத அதவிடப் பரிதாபம். காக்ரேன்னு ஒரு அமைப்பு, அங்ஙன இங்ஙன நடந்த ஆராய்ச்சியெல்லாம் ஒண்ணாக் கொட்டிச் சலிச்சு எடுக்கவங்க. 2012-ல க்ரீன் டீயையும் சலிச்சாவ. ஜப்பானுக்கு வெளிய நடந்ததுல சேத்துப் பாக்கத் தோதான ஆறு ஆராய்ச்சியக் கூட்டிக் கழிச்சா, எடை கொறைஞ்சது சராசரியா நாப்பது கிராம். நாப்பது கிலோ இல்லலே, கிராம்! என் வெத்தலச் செல்லத்துல இருக்க கொட்டப்பாக்கு அதவிடக் கூட வரும். அவசரப்பட்டு அதயே மாத்திரையா வாங்கி முழுங்கிராத. ஒரு நாளைக்கி எண்ணூறு மில்லிகிராமும் அதுக்கு மேலயும் அந்தச் சத்து மாத்திரையில உள்ள போனா ஈரலு முறுக்கிக்கிடுதுன்னு ஐரோப்பா உணவுப் பாதுகாப்பு ஆபீஸ் 2018-லயே சொல்லிட்டு. டம்ளர்ல குடிக்கவனுக்குப் பொதுவா ஒண்ணும் செய்யாது.

உங்க சித்தப்பன் இப்ப மீசைய முறுக்குவான், "பாத்தீங்களா, நம்ம பழையசோறும் வீட்டுத் தயிருந்தான் உலகத்துலயே ஒசத்தி"ன்னு. அவன் போன்ல அதத் தவிர வேற சேதியே வராது. அவனுக்கும் சேத்துச் சொல்லுதேன். வீட்டுத் தயிருல உசுருள்ள கிருமி உண்டு, ஆனா யாரு எவருன்னு ஆதார் கெடையாது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2001-ல ஒக்காந்து பேசி, புரோபயாடிக்னா என்னன்னு வரி போட்டு எழுதி வச்சிருக்காவ. உசுரோட இருக்கணும், போதுமான அளவு இருக்கணும், உள்ள போனா ஆளுக்கு நல்லது செய்யணும். இந்த மூணையும் மாப்பிள்ளை பாக்கும்போது கேட்டா நம்ம ஊருல ஒரு கல்யாணம் நடக்காது.

புளிச்ச பாலுக்கு மொதமொதல்ல உலகம் பூரா தண்டோராப் போட்டது மெச்னிகாஃப்னு ஒருத்தர். பாரிஸ்ல பாஸ்டர் நிறுவனத்துல இருந்தவரு. பல்கேரியாக் குடியானவங்க புளிச்ச பாலு குடிச்சுத்தான் கெட்டி ஆயுசா இருக்காவன்னு சொல்லி, தானும் தெனம் குடிச்சாரு. 1908-ல நோபல் பரிசும் வாங்கினாரு. தயிருக்கு இல்ல, ஒடம்பு நோயோட எப்படி மல்லுக்கட்டுதுன்னு கண்டதுக்கு. 71 வயசுல போயிட்டாரு. எனக்கு இந்த ஆடியோட 82. அவருக்கு நோபல், எனக்கு முதியோர் பென்சன். அதுவும் மூணு மாசமா வரல.

அமெரிக்காக்காரன் எதுக்கும் கணக்கு வச்சிருப்பான்லா. ஒரு லச்சத்து இருபதாயிரம் பேரு என்ன திங்காவன்னு வருசக்கணக்காக் குறிச்சு 2011-ல சொன்னாவ. தெனம் ஒரு பங்கு தயிரு கூடச் சேத்தவங்களுக்கு நாலு வருசத்துல எடை 370 கிராம் போலக் கொறச்சல். தெனம் ஒரு பங்கு உருளக்கெழங்கு சிப்ஸ் சேத்தவங்களுக்கு 770 கிராம் கூட. தயிரு தின்னதால எளைச்சானா, ஒடம்பப் பாத்துக்கிடுதவன் தயிரும் திங்கானான்னு அதுல பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு உன் தங்கச்சி சொன்னா. அது கெடக்கட்டும். இடது கையில டப்பா, வலது கையில சிப்ஸுன்னு நீ ராத்திரி டிவி முன்னால இருந்தியே, அந்தக் கணக்குல தயிரு தோத்துப் போச்சுலே. அந்த டப்பாவுல பன்னெண்டு கிராம் சீனி வேற. ஒரு நாளைக்கி இருபத்தஞ்சுக்குள்ள நின்னா ரொம்ப நல்லதுன்னு அதே உலக சுகாதார நிறுவனந்தான் சொல்லுது. ரெண்டு டப்பாவுல உன் பங்கு முடிஞ்சுது. பொறவு ஆச்சி போட்ட காப்பிய எந்தக் கணக்குல எழுத?

தயிரு நல்ல சாமானம், நான் மறுக்கல. பஜ்ஜிக்குப் பதிலாத் தின்னா லாபம். பஜ்ஜியோட தின்னா அது பஜ்ஜிக்குத் தொட்டுக்கிட, அவ்வளவுதான்.

இப்ப எதுக்குலே பிரிட்ஜத் தெறந்து எண்ணுத? வந்ததும் ரெண்டு, டிவி முன்னால ஒண்ணு. மீதி மூணு இருக்கணும், ரெண்டுதான் இருக்கு. உங்க ஆச்சிய மொறைக்காத, நாந்தான் எடுத்தேன். நேத்து ராத்திரி நீ கொறட்ட விடும்போது, ஒரு லிட்டர் பாலக் காய்ச்சி, வெரல் பொறுக்குத சூட்டுக்கு ஆற வச்சு, அதுல ரெண்டு கரண்டி ஒறை ஊத்தினேன். டப்பாவுல மிச்சத்த ருசி பாத்தேன், மருதாணி எல மாதிரி இருந்துச்சு. காலையில பாரு, சட்டி தயிரு கட்டியா ஒறைஞ்சு நிக்கி. டப்பாவுல பேரு போட்டிருக்க கிருமி அதுல மிஞ்சுமா, தயிரு ஒறைய வைக்க சாதாக் கிருமி அத மெரட்டித் தள்ளிருமான்னு சொல்ல முடியாதுன்னு உன் தங்கச்சி சொன்னா. ஆனா ஒண்ணு. கிருமி குட்டி போடும், தேயிலை போடாது. சட்டியில தயிரு வெள்ளையா இருக்கவும் உங்க ஆச்சிக்கு அப்பந்தான் உசுரு வந்துச்சு. எம்பது ரூவா டப்பாவுல நாலு பேரு சாப்பிடலாம்.

எந்திரி. குளிக்கணும்னியே, கெணத்துல தண்ணி கெடக்கு. வாளியும் கயிறும் தொழுவுக்குப் பக்கத்துல. ஆச்சிக்கு ரெண்டு கொடம், மாட்டுத்தொட்டிக்கு ஒரு பத்து வாளி, பொறவு உனக்கு வேணும்கறத எறைச்சுக்கோ. மோட்டாரா? அதுக்கு ஒரு கேடும் இல்ல, நல்லாத்தான் ஓடுது. வெடியக்காலம் நாந்தான் ப்யூஸக் கழத்தி மடியில முடிஞ்சு வச்சிருக்கேன்.