செக்ரோல் மாயாவி

உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மாயாவி மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இது உலகறிந்த விஷயம். அவர் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தால் மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான் மாயாவி. மீதி 20 மணி நேரமும் கை போன ஒரு வெள்ளைக்காரர், அவ்வளவுதான். ஜெனரேட்டர் ஓடியதே அந்த நான்கு மணி நேரம்தான். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது விளக்கு மூன்று முறை மினுக்கும். பாயை விரி என்று அர்த்தம்.

1978இல் எனக்கு வயது 13. மலேசியாவின் கோலா சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து உள்ளே போனால் எங்கள் தோட்டம். (2007இல் ஊரின் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரின் பொருளை மலாய் தெரிந்த கூட்டாளியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.) தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இடைநிலைப்பள்ளியில், மொழி மாற்றத்துக்கான ரிமூவ் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். நாட்டின் கல்வித் திட்டத்திலேயே 'நீக்கு' என்று பெயர் வைத்த ஒரே வகுப்பு அது. நீக்கப்பட்டவனுக்கு நேரம் நிறைய கிடைத்தது.

அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரில் வேலை பார்த்த மாமா ஒரு கட்டுப் பழைய முத்து காமிக்ஸ் கொண்டு வந்தார். பாதிக்கு அட்டை இல்லை, சிலவற்றுக்குக் கடைசிப் பக்கம் இல்லை. சிவகாசியில் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய வரிசை அது. தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர், மாயாவி என்று ஒரே ஊர் உலகத்துக்கு எத்தனை செய்திருக்கிறது பாருங்கள்! கடைசிப் பக்கம் இல்லாத கதைகளுக்கு முடிவை நானே எழுதினேன். எழுதியதை ஒட்டுக்கடைத் திண்ணையில் படித்துக் காட்டினேன். "அசலைவிட நல்லா இருக்குடா" என்று யாரோ ஒருவர் சொன்னார். அவர் நேராகக் கள்ளுக்கடையிலிருந்து வந்திருந்தார் என்பதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்றே முடிவு செய்தேன்: நான் காமிக்ஸ் எழுத்தாளன்.

அப்பாவுக்கு இது புரியவே இல்லை. "படம் போடப் போறியா?"

"இல்லப்பா. கதை."

"அப்ப கதைன்னு சொல்லு. ஏன் கட்டம் கட்டமா கோடு கிழிக்கிற?"

நியாயமான கேள்வி. காமிக்ஸ் எழுத்தாளன் என்ற ஜந்து இருப்பதே யாருக்கும் தெரியாது. மாயாவி கதைகள் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962 முதல் வந்தவை. முதலில் எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதெல்லாம் நான் தாடி வைத்த பிறகு தெரிந்துகொண்டது. அந்த இதழ்களில் எழுதியவர் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. மாயாவியைவிட முழுசாக மறைந்தவர் அவரை எழுதியவர்தான். பல்மருக்கு ஒரு கை கூடத் தெரியவில்லை.

தாள் பிரச்சினையை ஆபீஸ் கிராணி (எழுத்தர்) தீர்த்து வைத்தார். பழைய செக்ரோல் தாள் ஒரு கட்டு. முன்பக்கம் ஆள் பெயர், நாள் வாரியாக 31 கட்டம், வந்தது, வராதது, அரை நாள் எல்லாம் இருக்கும். பின்பக்கம் வெறுமை. ஆனால் முன்பக்கக் கோடு மங்கலாக இந்தப் பக்கம் தெரியும். கோடு கிழிக்கும் வேலை மிச்சம் என்று அதையே வைத்துக்கொண்டேன். அதனால் என் காமிக்ஸில் ஒரு வரிசைக்கு 31 கட்டம். உலகில் வேறெந்தக் காமிக்ஸிலும் ஒரு கட்டம் பிள்ளையின் சுண்டுவிரல் நகமளவு இருந்ததில்லை. பிப்ரவரித் தாளில் கடைசி மூன்று கட்டத்தை அடித்திருப்பார்கள். பிப்ரவரியில் என் வில்லன்கள் சீக்கிரம் செத்தார்கள்.

வரைய ஆள் வேண்டுமே. என் கூட்டாளி ஒருவன் இருந்தான். தோட்டத் திருவிழாவுக்குத் தட்டி எழுதுகிறவன், அந்தத் தகுதியில் ஓவியன். அவனுக்கு வரையத் தெரிந்தது ஒரே முகம்: எம்.ஜி.ஆர். நேராகத் திரும்பிய எம்.ஜி.ஆர்., பக்கவாட்டு எம்.ஜி.ஆர்., தொப்பி கண்ணாடியோடு எம்.ஜி.ஆர். கை வரையவே வராது. கை வரும் இடத்தில் ஒரு புதரை நட்டுவிடுவான்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் நாயகன் மறைந்தால் முகம் தெரியாது, கைதான் தெரியும். என் ஓவியனுக்கு முகம்தான் வரும், கை வராது. முதல் அத்தியாயம் முழுக்கப் புதர்.

வில்லனுக்கும் அதே முகம். நாயகன் வில்லனைக் குத்தினால் எம்.ஜி.ஆர். எம்.ஜி.ஆரைக் குத்தினார். தமிழ்ப் படத்தில் இரட்டை வேடம் புதிதில்லை என்று நான் சமாதானம் சொன்னேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் தன் வீட்டில் அவரைக் கொள்ளைக்காரனாக்கியதை அப்பா தாங்கவில்லை. வில்லனுக்கு மீசை, தாடி, மச்சம் எல்லாம் வைத்தோம். மாறுவேடத்தில் வந்த எம்.ஜி.ஆர். போல இன்னும் அழகாக இருந்தார்.

கதை என்ன என்று கேட்கிறீர்களா? ஊர்க் கதைதான். கோலா சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி மேல் 1784இல் டச்சுக்காரன் கோட்டையைப் பிடித்து, அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்து உட்கார்ந்தான். பகாங்குக்குத் தப்பிப் போன சுல்தான் இப்ராஹிம் ஆள் சேர்த்துக்கொண்டு 1785இல் வந்து ராத்திரியில் பாய்ந்தார். டச்சுக்காரன் பீரங்கியை விட்டுவிட்டு ஓட்டம் எடுத்தான். அத்தனை பீரங்கியோடு மலை மேல் இருந்தவன் ஏன் ஓடினான்? நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன்: இருட்டில் ஒரு இரும்புக் கை மட்டும் தனியாக வந்தது.

படித்துப் பார்த்த வாத்தியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, 1785இல கரண்ட் ஏது?"

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விடை தானாக வந்தது. சிலாங்கூர் ஆற்றோரம், கம்போங் குவாந்தான் பக்கம், பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் எரிந்து அணையும். இப்போது சுற்றுலாப் பயணிகள் படகில் போய் வாயைப் பிளக்கிறார்கள். அன்று எனக்கு அது பவர் ஸ்டேஷன். மாயாவி மரத்தடியில் நின்று மின்மினியால் சார்ஜ் ஏற்றிக்கொள்வார். மின்மினி விட்டு விட்டு எரிவதால் அவரும் விட்டு விட்டுத்தான் மறைவார். ஒரு கட்டத்தில் புதர், அடுத்த கட்டத்தில் எம்.ஜி.ஆர்., மறுபடி புதர். என் கூட்டாளி கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் திறமைக்கு ஏற்ற கதையை முதன்முதலாக ஒருவன் எழுதியிருந்தான்.

அந்த வருடம்தான் மலாய்க்காரக் கூட்டாளிகள் புதிதாக வந்த 'கிலா கிலா' நகைச்சுவை இதழை மேசைக்கடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் கார்ட்டூனிஸ்ட் லாட்டின் 'கம்போங் பாய்' வந்தது. லாட் தன் 13ஆம் வயதில், 1964இல், 'தீகா செகாவான்' என்ற காமிக்ஸைப் பினாங்குப் பதிப்பாளருக்குத் தபாலில் அனுப்பினாராம். அனுப்பியவர் பெரிய ஆள் என்று நினைத்து அவர்களும் போட்டு, 25 வெள்ளி கொடுத்தார்களாம். எனக்கும் அதே 13. தபால்தலை வாங்கினேன்.

எங்கள் வட்டாரத்தில் எனக்கு முன் இன்னொருவருக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது. ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பணம் சேர்த்துக்கொண்டு பிறகு நிம்மதியாக எழுதலாம் என்று 1905இல் மலாயா வந்தார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில், வணிகத்துக்காக நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டார். தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. தலைப்புக்கும் கதைக்கும் சம்பந்தமில்லாமல் ஆரம்பித்தவர் எழுத்தாளராகத்தான் முடியும். 1930இல் அவர் நாவல் 'மலேசி'க்குப் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. ஆகவே எங்கள் பக்கத்தில் எழுத்தாளனாக வழி இதுதான்: முதலில் தொரையாகு, 25 வருடம் பொறு. நான் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவன் மகன். குறுக்கு வழியில் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு மலருக்கு அனுப்பினேன். பெயரைச் சொல்ல மாட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தோட்டத்தில் தபால் எல்லாம் முதலில் ஆபீசுக்குத்தான் வரும். பத்திரிகை முத்திரை போட்ட உறையைப் பார்த்த கிராணி தானே பிரித்துவிட்டார். கடிதம் சுருக்கம். சித்திரக்கதை தெளிவாக இல்லை, பிரசுரிக்க இயலாது. ஆனால் தாளின் மறுபக்கத்தில் உள்ள வேலை நாள் கணக்கு கவனத்தை ஈர்த்தது. அது பற்றி மேலும் விவரம் இருந்தால் அனுப்பவும்.

கிராணிக்கு வேர்த்துக் கொட்டியது. தோட்டத்துச் செக்ரோல் பத்திரிகை ஆபீசில்! அடுத்து சங்கத்துக்காரர்கள் வருவார்கள், அப்புறம் லேபர் ஆபீசு வரும். என் வாழ்க்கையில் ஆசிரியர் குழு ஒன்று என் படைப்பைப் பக்கம் திருப்பிப் படித்தது அன்று ஒரு தடவைதான். திருப்பிய பக்கம் என்னுடையது இல்லை.

அன்று மாலை கரண்ட் வருமுன் அப்பா முதுகில் நான்கு வைத்தார். கிராணி வீட்டுக்கே வந்து, "தம்பி, இருக்கிறதெல்லாம் குடுத்துடு" என்று கெஞ்சினார். கொடுத்தேன். லயத்துக்குப் பின்னால் வைத்து எரித்தார்கள். மின்மினி மாயாவி, அல்டிங்ஸ்பர்க் கோட்டை, முப்பது நாற்பது எம்.ஜி.ஆர். எல்லாம் போயிற்று. அம்மா மட்டும், "அந்தப் பக்கம் நம்ம பேரு இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது. அரை நாள் போட்ட இடங்களும் இருந்தன. முழு நாள் வேலை செய்த நாட்களாம் அவை, அம்மா விரல் விட்டு எண்ணினாள்.

லயத்துக்கு 24 மணி நேரக் கரண்ட் வந்து கொஞ்ச காலத்தில் தோட்டம் கைமாறி, நாங்கள் லயத்தைக் காலி செய்தோம். கூட்டாளி இப்போது கடைப் பலகை எழுதுகிறான். கை வரைய இன்னும் வரவில்லை. அவன் சொல்கிறான், எரிக்காத தாள் ஒன்றிரண்டை ஒட்டுக்கடையில் பலகாரம் மடிக்கக் கொடுத்தானாம். பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் யார் வீட்டுப் பழைய பெட்டியிலாவது எண்ணெய்க் கறையோடு ஒரு செக்ரோல் தாள் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். எம்.ஜி.ஆர். இருக்கிற பக்கத்தை நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மறுபக்கம் உங்கள் தாத்தா பாட்டியுடையது. அரை நாள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.