கூரையில் வெயில், வீட்டில் கரண்ட் இல்லை

எங்கள் ஒழுங்கையில் முதன்முதலாகக் கூரைக்குச் சோலார் போட்டவன் நான். இதைச் சொல்லாமல் யாரையும் விட்டதில்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துக் காத்திருந்தால் பக்கத்துக் கதிரைக்காரருக்குச் சொல்வேன். வெள்ளவத்தையில் மீன் வெட்டித் தருகிறவருக்கும் சொல்வேன். கரண்ட் பில் பூச்சியம். ஆகவே, இலங்கை 2050 இல் எட்டுவதாகச் சொல்லியிருக்கும் நிகர பூச்சியத்தை நான் இப்போதே எட்டியாயிற்று என்பது என் கணக்கு. இரவில் என் மின்விசிறியைச் சுற்றுவதில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரிக்கும் பங்குண்டு என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய, முற்பகல் 11 மணி கழிந்து நாடு முழுவதும் கரண்ட் போயிற்று. "எங்களுக்கென்ன, சூரியன் மேலதானே நிக்குது" என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொன்னேன். மின்விசிறி அசையவில்லை. இன்வேர்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் முழித்துக்கொண்டிருந்தது. லைனில் வேலை செய்கிறவர்களுக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காக, வெளிக்கரண்ட் நின்றால் பற்றரியில்லாத சோலாரும் தானாக நின்றுவிடும். பூட்ட வந்த பொடியன் இதைத் தெளிவாகத்தான் சொன்னான். பற்றரியின் விலையைக் கேட்டதுமே என் காது அடைத்துப்போயிருந்தது.

முன்வீட்டு நானா மதிலால் எட்டிப் பார்த்தார். "சேர், ஃப்ரிட்ஜில இறச்சி கொஞ்சம் ஈக்கி, ஒங்கட ஊட்டுல வைக்க ஏலுமா?"

நான் வாய் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். "வையுங்கோ நானா. எங்கட இறைச்சியோட சேர்ந்தே பழுதாப் போகட்டும்."

குரங்கை வைத்து நாடே சிரித்தது, நானும்தான். பிறகு மின்சார சபை கொடுத்த விளக்கத்தைப் படித்தேன். ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயிலோ உச்சத்தில், ஏறத்தாழ பாதி மின்சாரம் சோலாரிலிருந்து வந்துகொண்டிருந்திருக்கிறது. நீராவியிலும் நீரிலும் ஓடும் சுழலிகள் தொன் கணக்கில் பாரமானவை. எங்கோ ஓர் அடி விழுந்தால், 50 ஹேர்ட்ஸ் அலைவெண் சட்டென்று சரியாமல் சில விநாடிகள் தாங்கிப் பிடிப்பது அந்தப் பாரம்தான். சோலாரில் சுழல்வது ஒன்றுமில்லை. பள்ளத்தில் இறங்கினால் பாரமேற்றிய லொறி குலுங்கிவிட்டு ஓடும், சைக்கிள் குப்புற விழும். அன்று குரங்குக்குக் கூட்டாளிகள் கூரைகளில் இருந்தோம்.

அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் தேவை விழுந்துவிடும் என்று, 13 முதல் 21 வரை பகல் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி சபை கேட்டது. தேசப்பற்றுடன் நிறுத்தினேன். விடுமுறை முடிந்தும் திரும்பப் போட மறந்துவிட்டேன். அந்த மாத பில்லை மனைவி குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

சரி, நிலக்கரி எரிக்காமல் அந்தப் பாரத்தை இரவும் பகலும் சுற்ற வேறு என்ன உண்டு? அணைகள் மழையை நம்பியவை. மிஞ்சுவதில் ஒன்று அணு. அதோடு எனக்குப் பழைய கணக்கொன்று இருக்கிறது. 2012 இல் தமிழ்நாட்டில் இடிந்தகரை மீனவ மக்கள் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்துப் போராடியபோது, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நான் கவிதை வாசித்தேன். அதில் அணு உலை கரும்புகை கக்கியது. நல்ல கைதட்டல். அணு உலையில் புகையே இல்லை என்று கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. 2014 இல் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு வெளியிட்ட மதிப்பீட்டில், கட்டுவது முதல் கழிப்பது வரை எல்லாம் சேர்த்து ஓர் அலகு மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் கரியமிலவாயு, அணு 12 கிராம். கூரைச் சோலார் 41. அந்த மீனவர்கள் பயந்தது கதிர்வீச்சுக்கும் கடலுக்கும். அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. என் கவிதையில்தான் அது இல்லை.

புதிதாய் மதம் மாறியவனின் வேகத்தில் அணுவைப் பிரசங்கிக்கத் தொடங்கினேன். "கூடங்குளம் மாதிரி ஒண்டு எங்களுக்குக் காணும்" என்று மின்பொறியியல் படித்த மச்சானிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான்: "அத்தான், எங்கட இரவு உச்சத் தேவையே 2,500க்கும் 3,000க்கும் இடையில. அங்க ஓர் உலை 1,000 மெகாவோட். அது திடீரெண்டு நிண்டால்?" நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அந்த உலைக்குக் குரங்குகூடத் தேவைப்படாது.

சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு 2022 இல் வந்து அணுமின்சாரத்துக்கான எங்கள் ஆயத்தத்தைப் பரிசீலித்தது. நாங்கள் 13 மணிநேர மின்வெட்டில் வியர்த்த அதே வருடம். 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது இரு நாட்டு மின்கட்டமைப்புகளையும் கேபிளால் இணைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. அந்தக் கேபிள் வந்தால் கூடங்குளத்துக் கரண்டும் கலந்துதான் என் கேத்தல் கொதிக்கும். கவிதைக் கொப்பி அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

என் தீர்ப்பு இவ்வளவுதான்: 1,000 மெகாவோட் உலை இந்தச் சின்னக் கட்டமைப்புக்குப் பொருந்தாது. முந்நூறுக்குள் அடங்கும் சிற்றுலைகள் வேறு நாடுகளில் சில வருடம் ஓடிக்காட்டட்டும், விலையும் தெரியட்டும், கழிவை எங்கே வைப்பது என்பதற்குப் பதிலும் வரட்டும், பிறகு பேசலாம். அதற்குமுன் மகா ஓயாவில் திட்டமிட்டிருக்கும் 600 மெகாவோட் நீரேற்றுச் சேமிப்பு மின்நிலையத்தைக் கட்டி முடிக்கவேண்டும். கூரைக்குச் சோலார் போடப்போகிறவர்கள் பற்றரியோடு சேர்த்தே விலை கேளுங்கள். அந்த விலையைச் சொல்லும்போது காதைத் திறந்துவைத்திருங்கள்.