கொட்டை எழுத்துக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: வலைத்தளப் பிரிவு அதிகாரி அவர்கள். (எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. படிக்கிற அதிகாரி யாராக இருந்தாலும் தமக்கென்றே எடுத்துக்கொள்ளலாம்.)

பொருள்: தங்கள் தளத்தில் தலைப்புகளை ஒழித்துச் சமத்துவம் கண்டதைப் பாராட்டி.

ஐயா,

மும்பை மாஹிம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, தாராவி தொடங்குகிற பக்கத்தில் இருக்கிறேன். கண் தெரியாது. என்விடிஏ என்கிற இலவச ஸ்கிரீன் ரீடர் படித்துச் சொல்ல, கேட்டுக் கேட்டுக் கணினியில் வேலை பார்ப்பவன். அதில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும்; 2-ஐத் தட்டினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்கு. லோக்கல் ரயில் பிளாட்பாரத்தில் மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிற்கிற இடத்தைக் காட்டும் பீப் சத்தம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வருகிற இடத்தில் போய் நின்றால் போதும்.

ஒரு விண்ணப்பப் படிவம் வேண்டித் தங்கள் தளத்துக்கு வந்து எச் தட்டினேன். ‘அடுத்த தலைப்பு இல்லை’ என்றது. சரி, வரிவரியாகக் கேட்போம் என்று கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனேன். இணைப்பு, இணைப்பு, புதியது, இணைப்பு. மாண்புமிகு ஒருவரின் படத்தை ‘ஐஎம்ஜி 4471 ஜேபிஜி’ என்று உரிய மரியாதையோடு அறிவித்தது. டெண்டர், சுற்றறிக்கை, படிவம், வாழ்த்துச் செய்தி எல்லாம் ஒரே குரலில், ஒரே வரிசையில். மேல் கீழ் பார்க்காத இப்படியோர் இடத்தை அரசாங்கத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

தம்பி மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “பெரியப்பா, தலைப்பெல்லாம் சிவப்புல கொட்டை எழுத்துல இருக்கே” என்றான். இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, சாயம் பூசியிருக்கிறீர்கள். தலைப்பு என்று குறியிட மட்டும் விட்டுவிட்டீர்கள். ஸ்கிரீன் ரீடர் சாயத்தில் மயங்குகிற ஜாதி இல்லை, குறியைத்தான் தேடும். ஆனால் எங்கள் மனுவில் மேலே ‘விஷய்’ (பொருள்) என்று போட்டு ஒரு வரி எழுதாவிட்டால் உங்கள் குமாஸ்தா அதைக் கையால் தொடமாட்டார். அந்தக் கண்டிப்பு அவருடைய மேசையோடு நின்றுவிட்டது.

உங்கள் தளத்தின் இன்னொரு பக்கத்தில் நேர்மாறு: எல்லா வரியும் முதல் நிலைத் தலைப்பு. கூகுளில் முதலில் வரும் என்று ஆலோசகர் யாரோ ஓதியிருக்க வேண்டும். பக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ளத் தலைப்புகள் கூகுளுக்கும் உதவும்தான். ஆனால் அவற்றின் வரிசை குலைந்தால் தேடலில் பாதகமில்லை, ஒழுங்கான வரிசை ஸ்கிரீன் ரீடருக்கு நல்லது என்று கூகுளே தன் தொடக்கக் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறது. சாமி கேட்காத படையல், ஐயா.

பெரிய சட்டங்களைச் சொல்லித் தங்களைப் பயமுறுத்த மாட்டேன். அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வந்தன. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஏப்ரலில் டிஜிட்டல் அணுகலை 21-ஆம் பிரிவின் வாழ்வுரிமையோடு சேர்த்தும் வைத்தது. அந்தத் தீர்ப்புகளின் செய்தியைக்கூடத் தங்கள் தளத்தில் கொட்டை எழுத்தில் போடலாம்.

தாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்க மூன்று பொத்தான்கள் வைத்திருக்கிறீர்கள். காதால் படிப்பவனுக்கு எவ்வளவு உபகாரம்! ‘ஸ்கிரீன் ரீடர் வசதி’ என்று தனிப் பக்கமும் உண்டு. அங்கே வசதி இல்லை, ஸ்கிரீன் ரீடர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அதில் 2017-ல் கடையைக் கட்டிய விண்டோ ஐஸும் ஓய்வு பெறாமல் பணியில் நீடிக்கிறது.

கேட்பது பெரிய காரியமில்லை. பக்கத்துக்கு ஒரு முதல் நிலைத் தலைப்பு, பிரிவுக்கு ஒரு இரண்டாம் நிலை, அதற்குள் மூன்றாவது. டெண்டர் விட வேண்டாம். குறியிடத் தெரிந்த ஒரு பையனும் ஒரு மத்தியான நேரமும் இருந்தால் ஒரு பக்கம் முடிந்துவிடும்.

பதில் எழுதுவதாக இருந்தால் அச்செடுத்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக அனுப்ப வேண்டாம். என்விடிஏ அதைத் திறந்து ‘வெற்று ஆவணம்’ என்று சொல்லும். தாங்கள் எழுதியதற்கு அது மிகச் சரியான வாசிப்பாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

தங்கள் உண்மையுள்ள,
மாஹிம்வாசி