ஏழு வயதுச் சத்தியாக்கிரகி

அங்கவீனர் கொடுப்பனவைப் பரிபாலித்தருளும் மேன்மைதங்கிய கந்தோரின் திருச்சமூகத்துக்கு, பூநகரியிலிருந்து ஒரு பாட்டன் பணிவுடன் விண்ணப்பிப்பது:

கடந்த செவ்வாய்க்கிழமை நிகழ்ந்த மீளாய்வில், தங்கள் உத்தியோகத்தர் என் பேரனைத் தம்முன் நிறுத்தி, "தம்பி, உம்முடைய பேரென்ன? உமக்கு என்ன குறை?" என்று இருமுறை வினவியருளினார். "பிள்ளை கதைக்கமாட்டான் ஐயா, அதுக்காகத்தான் வந்தனாங்கள்" என்றாள் என் மகள். "அப்ப அதை அவரே சொல்லட்டும்" என்று தீர்ப்பளித்த அவர், சுழலும் மின்விசிறியிலிருந்து கண்ணெடாமல் நின்ற குழந்தையைச் சற்று நோக்கிவிட்டு, "விண்ணப்பதாரர் ஒத்துழைக்கவில்லை" என்று முத்துமுத்தான எழுத்தில் படிவத்தில் பொறித்தார்.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததையும், 1961ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்திருந்ததையும் அறிந்தவன் நான். எனினும் அவ்வழியில் வந்த தீரன் ஒருவன் என் வீட்டிலேயே, வெள்ளைப் புட்டன்றி வேறெதையும் தீண்டேன் என்ற கடும் சங்கற்பத்தோடு வளர்ந்துவருவதைத் தங்கள் கந்தோர் சொல்லித்தான் அறிந்தேன். 1927இல் யாழ்ப்பாணம் வந்துசென்ற காந்தியடிகளுக்கே வாரத்தில் ஒரு நாள்தான் மௌன விரதம். எங்கள் சத்தியாக்கிரகிக்கோ ஏழு நாளும் விரதம். தங்கள் றப்பர் முத்திரை மேசையில் அறையுந்தோறும் அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டதை, ஓசை தாங்காத பிள்ளையின் வேதனையென்று நாங்கள் பேதைமையால் எண்ணியிருந்தோம். அது அதிகாரத்தின் குரலைச் செவிமடுக்க மறுத்த ராஜத்துரோகமென்று இப்போது தெளிந்தோம்.

1943ஆம் ஆண்டு லியோ கனர் என்ற வைத்தியர் பதினொரு பிள்ளைகளை அவதானித்து எழுதியதிலிருந்து, என் பேரனுக்குள்ள ஓட்டிசம் என்பது பிடிவாதமன்று, மூளையின் வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு என்பதை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்துவந்திருக்கிறது. நம் நாட்டிலேயே பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர், கொழும்பை அண்டியதொரு பிரதேசத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் உண்டென்று 2009இல் வெளியிட்டனர். அந்த விகிதம் இங்கும் பொருந்துமாயின், வன்னியில் எத்தனை சத்தியாக்கிரகிகள் தலைமறைவாக இருக்கிறார்களோ! பூநகரியின் காற்றை அளந்து, அதில் 234 மெகாவாற் மின்சாரம் எடுக்கலாமென்று கணக்கிட்டார்கள். அத்திட்டத்துக்கு வந்த அதானி நிறுவனத்தார் 2025இல் விலகியும் போனார்கள். காற்றுக்குக் கிடைத்த கணக்கு எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்ததாக நான் கண்டதில்லை.

சட்டத்துக்கும் குறைவில்லை. அங்கவீனரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவர்களுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை அரசாங்கம் 2016இல் ஏற்றுறுதி செய்திருக்கிறது. ஆனால் இத்தகைய பிள்ளைகளுக்கென்று றாகமையிலுள்ள அயாட்டி நிலையமும் பொறளைச் சிறுவர் வைத்தியசாலையும் எமக்கு முந்நூறு கிலோமீற்றர் அப்பால் இருக்கின்றன. பேருந்தின் ஹோண் ஒலி கேட்டாலே நிலத்தில் விழுந்து புரளும் பிள்ளையை அவ்வளவு தூரம் கொண்டுசெல்வதற்கு இரண்டு நாட் கூலியை இழக்கவேண்டும்.

இத்தகைய வறிய இடங்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் பெற்றோருக்கான பயிற்சியொன்றை வகுத்திருக்கிறது: ஒன்பது கூட்டங்கள், மூன்று முறை வீட்டுக்கு வருதல், விளையாட்டிலும் அன்றாட வீட்டு வேலையிலும் பிள்ளையோடு எவ்வாறு உறவாடுவது என்பதைத் தாய்க்குக் கற்பிக்கும் எளிய முறை. நிபுணர் வேண்டியதில்லை, பயிற்றப்பட்ட ஊரவரே நடத்தலாம். ஓர் ஓலைக்கொட்டிலும் பாயும் போதும். அதற்கும் வழியில்லாத எங்கள் பிரதேசத்தில், பேசாத பிள்ளையைப் பேசவைத்துச் சோதிக்க மட்டும் ஒரு மேசையும் கதிரையும் மாதச் சம்பளமும் இருக்கின்றன.

பின்னர் தங்கள் உத்தியோகத்தர் என் மகளைப் பார்த்து, "சின்னனிலேயே கையிலை போனைக் குடுத்துப் பழக்கினீங்களோ?" என்று கேட்டார். பதின்மூன்று வயதில், இறுதி யுத்தத்தினூடே, முள்ளிவாய்க்கால் வரை நடந்து மீண்டவள் அவள். இரவில் மூன்று மணிநேரம் நித்திரை கொள்பவள்; பிள்ளை சாப்பிட்டானென்றால் தானும் சாப்பிடுபவள். அவளை வரிசையில் நின்ற சனத்தின் முன் குற்றவாளியாக்கினீர்கள். வாயில்லாத பிள்ளையின் மீது பழியெழுதிவிட்டு அடுத்த துண்டைக் கூப்பிட்டீர்கள். உங்களுக்கு வெட்கமில்லையா?

பொறுத்தருள்க. வயோதிபத்தால் நா சற்று இடறிவிட்டது. தங்கள் கந்தோரின் கருணையையும் சுவர்க்கடிகாரத்தின் நேர்த்தியையும் புகழ்வதற்கே பேனாவை எடுத்தேன்.

வேண்டுவது இவ்வளவே: அக்குறிப்பை வெட்டி, "பிள்ளைக்குப் பேச்சில்லை, தாய் பதிலளித்தார்" என்று எழுதுக, இனிவரும் மீளாய்வுகளை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து நடத்துக, மேற்சொன்ன பயிற்சியைப் பூநகரியில் ஆரம்பிக்குமாறு மேலிடத்துக்குச் சிபாரிசு செய்க.

ஒரு மாதத்துள் மறுமொழி வராவிடின், இப்பிரதேசத்தில் இத்தகைய பிள்ளைகளுள்ள தாய்மார் அனைவரையும் ஒரே நாளில் அழைத்துவர எண்ணியிருக்கிறேன். பிள்ளைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், கோவைகளை எடுத்து வரிசையாக அடுக்குவார்கள், அவர்களைத் தடுக்கமாட்டோம். கந்தோர் பூட்டும்வரை அமர்ந்திருப்போம். அன்றைக்கும் தங்கள் உத்தியோகத்தர் தவறாது எழுதட்டும், ஒத்துழைக்கவில்லையென்று. அன்றைக்கு அது உண்மையாயிருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
சத்தியாக்கிரகியின் பாட்டன்