மறுவயரிங் காணும் இல்லங்களில் விளக்குச் சுற்றுகளும் பீரோவின் தலையீடும்

பழைய வீட்டு வயரிங்கை மொத்தமாகப் பிடுங்கிப் புதிதாக இழுக்கும்போது எந்த விளக்கு எந்தச் சுற்றில் சேரும் என்பதை இதுவரை எவரும் முறையாக ஆய்ந்ததாகத் தெரியவில்லை. ஆய்ந்திருந்தால் அவரை மறுத்து முப்பது பக்க முன்னுரை எழுதியிருக்கலாம். அந்த வசதி இல்லாததால் நேரே பொருளுக்குள் போக நேர்கிறது, வாசகர் பொறுத்தருள்க.

ஆய்வெல்லை: தரைத்தளம். மாடி வாடகைக்கு விடப்பட்டிருப்பதால் களஆய்வுக்கு இசைவு கிட்டவில்லை.

முதல்நூல், இந்தியத் தர விதியான ஐ.எஸ். 732. விளக்கு, ஃபேன், சிறு பிளக் எல்லாம் சேர்த்து ஒரு சுற்றில் பத்துப் பாயின்ட்டுக்கு மேல் கூடாது, சுமை 800 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது நெடுங்காலச் சூத்திரம். 60 வாட் குண்டு பல்பு ஆண்ட காலத்தில் இரண்டு வரம்புக்கும் வேலை இருந்தது. இன்று 9 வாட் எல்.இ.டி. பத்தை மாட்டினாலும் 90 வாட்தான். எனவே சூத்திரத்தின் பிற்பாதி இடைச்செருகல் என்று ஒருவர் நிறுவலாம். முனைவர் பட்டத்துக்கு அது போதும். சிறு பிளக்கில் 750 வாட் மிக்ஸியைச் செருகும் வீட்டார்தான் பிற்பாதியின் உண்மைத்தன்மையைக் காத்து வருகிறார்கள்.

இதற்கு உரைகண்டவர் எலெக்ட்ரீஷியன். “எல்லா லைட்டையும் ஒரே எம்.சி.பி.யில போட்டா, அது விழுந்தா வீடே இருட்டு சார். ரெண்டா பிரிச்சுருவோம்” (வாய்மொழி, ஏணியின் நான்காம் படியிலிருந்து). இவ்வளவு தெளிவாகப் பேசுவதால் இவரை அறிஞர் வரிசையில் சேர்க்க இயலவில்லை.

இனி வகைப்பாடு.

சீரோ வாட் பல்பு: பழைய குண்டு வகை என்றால் சுமார் 15 வாட் இழுக்கும்.

பூஜையறை விளக்கு: இன்வெர்ட்டர் லைன். விவாதத்துக்கு இடமில்லை.

நியூட்ரல்: ஒரு சுற்றினுடையதை இன்னொன்றில் கலந்தால் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். கலக்கற்க.

மாடிப்படி விளக்கு: கீழே ஒன்று, மேலே ஒன்று, டூ-வே சுவிட்ச். எரிவது யார் மீட்டரில் என்பது சட்டத்துறையின் பாடு.

பீரோ: இதுவே தலையாய பகுதி. இரும்பு பீரோ ஆறரை அடி உயரம். சுவிட்ச் போர்டு தரையிலிருந்து நாலரை அடியில். ஆகவே மறைப்பு முழுமையானது. பீரோ கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் நின்று, வடக்கு பார்த்துத் திறக்க வேண்டும் என்பது வாஸ்து (மாமியார், வாய்மொழி, திருத்திய பதிப்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்). போர்டோ பழைய காடி போன வழியிலேதான் வரும். அந்தக் காடியை அங்கே வெட்டச் சொன்னவர் யார்? மூல வரைபடம் கிடைக்கவில்லை. மூலம் கிடைக்காவிட்டால் கடல் கொண்டது என எழுதுவது நம் மரபு; இங்கே வெள்ளையடிப்பு கொண்டது. எஞ்சியிருப்பது ஒரே ஒரு சான்று (தெற்குச் சுவர், பென்சில் எழுத்து, இரண்டாம் வரி, முதல் வரி பட்டி பார்த்ததில் சிதைந்தது, ‘போர்டு இங்கே’ என்பது கொத்தனார் பாடம், ‘போர்டு இங்கே வேண்டாம்’ என்பது சித்தாள் பாடம், ‘வேண்டாம்’ பிற்காலத்துக் கை என்பார் பெயின்டர், ஆனால் அவர் கூலித் தகராறில் இருந்தவர்).

இச்சிக்கலில் மூன்று கொள்கைகள் உள. பீரோவை நகர்த்துக என்பது தீவிரவாதம். போர்டை நகர்த்துக என்பது செலவுவாதம். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து இடுக்கில் கைவிடுக என்பது சமரசவாதம். எல்லா வீடுகளிலும் இதுவே வென்றிருக்கிறது. அந்த இடுக்கில் குடும்பத் தலைவரின் கை முழங்கையோடு நின்றுவிடுகிறது. ஐந்தாம் வகுப்புப் பையனின் கை மட்டுமே சுவிட்ச் வரை எட்டுகிறது. ஆதலால் படுக்கையறைச் சுற்றின் உறுப்புகளாவன: ஃபேஸ், சுவிட்ச், விளக்கு, நியூட்ரல், பேரன். கோடை விடுமுறைக்குப் பேரன் ஊருக்குப் போனால் சுற்று அறுந்துவிடுகிறது. அவன் தோள் அகலமாகும் வேகத்தை எந்த விதிநூலும் கணக்கில் கொள்ளவில்லை (எதிர்க்கருத்து: பேரனின் தாய், அடுக்களை வாயில், கரண்டியுடன், முழுப்பாடம் அச்சுக்கு உகந்ததன்று).

கட்டில் தலைமாட்டில் ஒரு டூ-வே சுவிட்ச் வைத்தால் தீரும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். ஏற்கத்தக்கதே. ஆனால் தலைமாடு எது? வடக்கே தலைவைக்கக் கூடாது என்பதில் கருத்தொற்றுமை உண்டு. கிழக்கா தெற்கா என்பதில் மாமியாரும் ஜோதிடரும் மாறுபடுகின்றனர். இருவரும் பேசி முடிப்பதற்குள் எலெக்ட்ரீஷியன் இரண்டு பக்கமும் காடி வெட்டி, இரண்டு பாயின்ட்டாகக் கணக்கில் எழுதிவிட்டார்.