ஊன்றாதே என்றோம், நட என்கிறோம்

1980களின் தொடக்கத்தில் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, காலில் ரத்தம் உறைந்து வந்தவரை வார்டு வாசலிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருப்போம். கையில் ஹெப்பாரின் என்ற உறைவெதிர் மருந்து டிரிப்பாக ஓடும். பாதம் தரையில் படக்கூடாது, பெட்பேனும் படுக்கையிலேயே. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும் என்பதால் அத்தனை கண்டிப்பு.

அந்த டிரிப்புக்குப் பின்னால் இருந்த முக்கியமான சோதனை மிகச் சிறியது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டன் என்ற இருவர் நடத்தி 1960இல் வெளியிட்டது. உறைவெதிர் மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். பெற்ற 16 பேரில் அப்படி ஒருவரும் இறக்கவில்லை. 35 பேர்தான். அந்த ஐவரை நினைக்காமல் என்னால் ஹெப்பாரின் எழுத முடிந்ததில்லை.

மருந்து இருந்தது, நோயைக் கண்டுபிடிப்பதில்தான் தடுமாற்றம். பாதத்தை மேல்நோக்கி மடக்கி, "கெண்டைக்கால் வலிக்குதா?" என்று கேட்போம். ஹோமன்ஸ் அடையாளம் என்று பெயர். வலித்தவர்களில் பலருக்கு உறைவு இருக்காது. உறைவு இருந்தவர்களில் பலருக்கு வலிக்காது. உறுதி செய்யப் பாதத்து ரத்தக்குழாயில் சாயமருந்து ஏற்றி வெனோகிராம் எடுக்க வேண்டும். ஊசி ஏறும்போதே நோயாளி துடித்துப்போவார்.

போதாக்குறைக்கு, இது வெள்ளைக்காரர்களின் நோய், நம்மவர்களுக்கு அபூர்வம் என்று படித்திருந்தோம். அதே காலத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் இதை விடாமல் துரத்திக்கொண்டிருந்தவர் இந்தியாவில் பிறந்த ஒரு சர்ஜன், விஜய் கக்கர். உறைவில் சேரும் புரதமான ஃபைப்ரினோஜனில் கதிரியக்க அயோடின் சேர்த்து ரத்தத்தில் ஏற்றி, அது காலில் எங்கே தங்குகிறது என்று அளந்தார். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 132 பேரில் 40 பேருக்கு உறைவு இருந்ததை 1969இல் காட்டினார். வீக்கமோ வலியோ இல்லாதவர்களும் அதில் உண்டு. 1975இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனையில், அறுவைக்கு முன்பே சிறிய அளவில் ஹெப்பாரின் தொடங்கியவர்களில் 2 பேரும், தராதவர்களில் 16 பேரும் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். நம் நாட்டில் நோய் இல்லாமல் இல்லை, தேடும் கருவிதான் இல்லை என்பது பின்னால் டாப்ளர் ஸ்கேன் பரவியதும் தெரிந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட கணக்கும் அந்தப் பழைய பாடத்தைப் பொய்யாக்கியது.

இன்று வலியில்லாமல் ஸ்கேனிலேயே பார்த்துவிடுகிறோம். சந்தேகம் குறைவாக இருந்தால் டி-டைமர் ரத்தப் பரிசோதனையே பலருக்குப் போதும். 1996இல் வந்த இரண்டு ஆய்வுகள், தோலுக்கடியில் போடும் புதிய வகை ஹெப்பாரினை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டின. அதன்பின் ரிவராக்சபான், அபிக்சபான் மாத்திரைகள். பழைய உறைவெதிர் மாத்திரையைப் போல, வாராவாரம் ரத்தம் கொடுத்து அது உறையும் வேகத்தை (ஐ.என்.ஆர்.) பார்க்கும் அலைச்சல் இவற்றுக்கு இல்லை, எவ்வளவு கீரை சாப்பிடலாம் என்ற கணக்கும் இல்லை. அன்று அசையாமல் கிடந்தவரைப் போன்ற ஒருவர் இன்று பெரும்பாலும் சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்புகிறார். நடப்பதால் கட்டி பெயரும் ஆபத்து கூடுவதில்லை என்பதும் ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது.

பிரசவ வார்டில் மட்டும் பழைய பயம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. சிசேரியன் ஆன பெண்ணிடம், "எழுந்து நாலு அடி நடம்மா" என்றால், அவளுடைய அம்மா தடுப்பார். "பச்சை உடம்பு டாக்டர், படுத்திருக்கட்டுமே." நான் பொறுமையாகச் சொல்வேன்: "பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம்தாம்மா இந்த உறைவுக்கு ரொம்ப ஆபத்தான காலம். படுக்கப் படுக்கக் காலில் ரத்தம் தேங்கும்."

32 நாடுகளின் மருத்துவமனைகளில் எடுத்த ஒரு கணக்கு 2008இல் வந்தது. உறைவு ஆபத்திலிருந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் முறையான தடுப்பு கிடைத்திருந்தது. கக்கர் வழி காட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு! அதனால்தான் என்னிடம் பயிலும் பிள்ளைகள் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் இதை எழுதியாக வேண்டும் என்கிறேன்: இவருக்கு உறைவு ஆபத்து உண்டா, உண்டென்றால் இன்று என்ன கொடுத்தோம்.