‘செய்து தருகிறோம்’: ஓம் விகுதியில் ஒளிந்திருக்கும் படர்க்கையார் குறித்து ஓர் ஆய்வு

தனி ஆளாகத் தொழில் செய்பவர் அனுப்பும் கொட்டேஷன் பன்மையில்தான் தொடங்குகிறது. “லோகோ, பிரோஷர் முதலியவற்றை நாங்கள் குறித்த நேரத்தில் செய்து தருகிறோம்.” ‘குறித்த நேரம்’ தனி ஆய்வுக்குரியது. இங்கே எடுத்துக்கொண்டது ‘நாங்கள்’ மட்டும். ஆய்வுக் களம், குரோம்பேட்டையில் ஒரு வீட்டின் இரண்டாவது படுக்கையறை. ஆய்வுக்கு உட்பட்டோர் ஒருவர். அவரும் இக்கட்டுரையாளரும் ஒரே ஆள் என்பதால், தரவுகளின் நடுநிலை குறித்து யாம் முன்கூட்டியே வருந்துகிறோம்.

முதலில் இலக்கணம். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் நன்னூலில் தன்மைப் பன்மை விகுதிகளை வகை பிரிக்கிறார். அம், ஆம் இரண்டும் எதிரே நிற்கும் முன்னிலையாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். எம், ஏம், ஓம் மூன்றும் படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே ‘தருகிறோம்’ என்று தட்டச்சு செய்த கணமே, அந்த அறையில் இல்லாத சிலரை லோகோ வேலையில் கூட்டுச் சேர்த்தாகிவிட்டது. யார் அவர்கள்? உரையாசிரியர்கள் இதைச் சொல்லாமல் விட்டார்கள். அவர்கள் காலத்தில் கொட்டேஷன் கிடையாது.

களப்பணியில் அகப்பட்ட படர்க்கையார் சிலர்: எட்டு வயது லேப்டாப், மழை பெய்தால் பாதி நேரமே தாங்கும் இன்வெர்ட்டர், கதவைத் தட்டாமல் காப்பி கொண்டுவரும் அம்மா. இவர்கள் அனைவருக்கும் சேர்த்துத் ‘டீம்’ என்று பெயர். டீமின் தலையாய பணி மறுப்பது. விலையைக் குறைக்கச் சொன்னால் தனி மனிதனால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடியாது. கூச்சம் வரும், அடுத்த வேலை போய்விடுமோ என்ற பயம் வரும். “டீம்ல பேசிட்டுச் சொல்றேன் சார்” என்றால் போதும். அன்றிரவு டீம் மொட்டைமாடியில் தனியாக உலாத்தும், தனக்குத்தானே வாதாடும், பெரும்பாலும் தோற்கும். மறுநாள் காலை, “டீம்ல ரொம்பக் கஷ்டப்பட்டு ஒத்துக்கிட்டாங்க சார், ஆயிரம் குறைச்சுக்கலாம்” என்று செய்தி போகும். கஷ்டப்பட்டது உண்மை.

எண்ணிக்கையைப் பெருக்கும் உத்திகள் இன்னும் சில உண்டு. இன்ஃபோ, சப்போர்ட், அக்கவுண்ட்ஸ் என்று மூன்று மின்னஞ்சல் முகவரிகள். மூன்றும் வந்து விழுவது ஒரே பெட்டியில். வாழ்நாளின் முதல் இன்வாய்ஸுக்கு 147 என்று எண் இடுவது இன்னொன்று. முன்பு அனுப்பிய 146 இன்வாய்ஸ்களுக்கும் பணம் வந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி அதில் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் ‘ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ.’ என்று போடுவதைப் பற்றி யாம் ஏதும் சொல்வதற்கில்லை. எம்மிடம் அதில் இன்னும் இருநூறு கார்டுகள் மிச்சம் இருக்கின்றன.

இது ஏமாற்று வேலை என்று சிலர் கருதலாம். வரலாறு எம் பக்கம். வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவலில்தான் ‘ஃப்ரீ லான்ஸ்’ என்ற சொல் பிரபலமாகிறது. யாருக்கும் கட்டுப்படாமல் கூலிக்குப் போரிடும் ஈட்டிவீரர்கள் என்று பொருள். கவனிக்க: அங்கே அது பன்மை. டி பிரேசி என்ற தலைவனின் கீழ் ஒரு பட்டாளமாக வருகிறார்கள். ஆள் ஒருவனாகச் சுருங்கியது பிற்காலத்தில்தான். பட்டாளம் போனாலும் பன்மையை விடாமல் காத்து வருபவன் கொட்டேஷன் எழுதுகிறவனே.

இந்தப் பன்மையை உடைக்கக்கூடிய ஒரே சக்தி அரசாங்கம். வாடிக்கையாளர் கம்பெனி ‘வெண்டார் ரெஜிஸ்ட்ரேஷன்’ படிவம் அனுப்பியதும் ஆட்டம் கலைகிறது. பான் எண்ணில் எழுத்தும் இலக்கமுமாகப் பத்து இடங்கள். நான்காவது எழுத்துதான் வைத்திருப்பவர் யார் என்று சொல்வது. கம்பெனி என்றால் ‘சி’, கூட்டு நிறுவனம் என்றால் ‘எஃப்’, தனி மனிதர் என்றால் ‘பி’. ஏழு பக்கக் கொட்டேஷனில் கட்டிய கோட்டையை அந்த ஒற்றைப் ‘பி’ சரித்துவிடும். அடுத்த கட்டம் ஜிஎஸ்டி எண். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பதால், அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது எம் வருமானத்தை ஏறத்தாழச் சொல்லிவிடுவதே. முறைப்படி கம்பெனியாகவே ஆகிவிடலாம் என்றால், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் ஒற்றை ஆளுக்கும் கம்பெனி தருகிறது. ஆனால் எங்கெல்லாம் பெயர் அச்சாகிறதோ அங்கெல்லாம் அதன் கீழே ‘ஒன் பர்சன் கம்பெனி’ என்று அடைப்புக்குறிக்குள் போடச் சொல்கிறது. இவ்வளவு கருணையில்லாத அடைப்புக்குறியை யாம் வேறெங்கும் கண்டதில்லை.

இதுவரை கண்டது ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்து இலக்கணம் இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கும் பன்மையைத் தமிழ் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் பிரித்து வைத்திருப்பதன் முழுப் பயனை அனுபவிப்பவர் வாடிக்கையாளர். “சார், நாம இதை நாளைக்குக் காலைக்குள்ள முடிச்சிடலாம்” என்கிறார். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் அன்பான ‘நாம’. இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து யார் யார் முடிக்கிறார்கள் என்று எண்ணினால், ஒருவர்தான் தேறுகிறார். வேலை முடிந்து பணம் கேட்டால் விகுதி மாறுகிறது. “நாங்க பாத்துட்டுச் சொல்றோம்.” உழைப்பில் சேர்த்துக்கொண்டவரைப் பணத்தில் கழற்றிவிட்டாகிவிட்டது. அந்த ஓம் விகுதிக்குள்ளும் யாரோ ஒளிந்திருக்கிறார்கள். ‘மேனேஜ்மெண்ட்’ என்கிறார். எம் டீமைப் போலவே அவரையும் இதுவரை யாரும் கண்டதில்லை.

ஒலியியல் சான்று ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். இன்வாய்ஸ் 152க்கு அறுபது நாளாகப் பணம் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தோம். கூச்சமாக இருந்ததால், குரலைச் சற்றுக் கட்டையாக்கி, “அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்ல இருந்து பேசறேன்” என்றோம்.

“வணக்கம் சார். பேமெண்ட் விஷயமா? எங்க அக்கவுண்ட்ஸுக்கு லைன் மாத்தறேன், இருங்க.”

பத்து விநாடி மௌனம். பிறகு அதே மனிதர், கொஞ்சம் மூக்கடைத்த குரலில், “ஹலோ, அக்கவுண்ட்ஸ்” என்றார்.

யாம் ஏதும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எங்கள் சமையலறையில் குக்கர் முதல் விசில் அடித்தது. “ஆபீஸ் கேன்டீன்” என்றோம். “பரவாயில்லை சார்” என்றார். அதற்குள் அந்தப் பக்கமும் ஒரு விசில் கேட்டது.

“எத்தனை விசில் சார்?” என்றார், தம் சொந்தக் குரலில்.

“பருப்புதான். மூணு.”

“இங்க நாலு” என்றார்.